தில்லியின் இடம்பெயர்ந்த தூண்கள்

ஒரு நகரின் வரலாற்றுச் சின்னங்களைக் காணச் செல்பவர், அவை இன்று நிற்கும் இடத்தையே அவற்றின் பிறப்பிடமாகக் கொள்வது இயல்பு. கோயிற் கல்வெட்டுகளோடு பழகிய தமிழாய்வாளரிடத்து இவ்வியல்பு இன்னும் வலிது. தஞ்சைப் பெரிய கோயிலின் அதிட்டானத்தில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டு அக்கோயிலைப் பற்றியே பேசுகிறது. கல், எழுத்து, இடம் என்னும் மூன்றும் அங்கு ஒன்றற்கொன்று சான்றாகின்றன. இப்பழக்கத்தோடு தில்லிக்கு வருபவர் பிழைபடுவர். இந்நகரில் மிகுதியாகக் காணப்பெறும் பழஞ்சின்னங்களுள் பல, இந்நகருக்கு வெளியிலிருந்து கொணரப்பட்டவை. அல்லது நகருக்குள்ளேயே ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு மாற்றப்பட்டவை. தில்லியில் உள்ள இரண்டு அசோகன் தூண்களும் அசோகர் காலத் தில்லியைப் பற்றி எதனையும் சொல்லவில்லை. அவை சொல்வது பதினான்காம் நூற்றாண்டுத் தில்லியைப் பற்றியே ஆகும். இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டு தில்லியின் சில சின்னங்களை அணுக இக்கட்டுரை முயல்கிறது.

தோப்ராத் தூண்

தில்லி வாயிலுக்கு அருகில் உள்ள பிரோஸ் ஷா கோட்லா, துக்ளக் மரபினரான பிரோஸ் ஷா (ஆட்சிக்காலம் 1351–1388) யமுனைக் கரையில் அமைத்த பிரோசாபாத் நகரின் கோட்டையாகும். அதன் கட்டடங்கள் பெரும்பாலும் சிதைந்துவிட்டன. அந்நகரின் கற்கள் பின்னாளில் ஷாஜகானாபாத்தின் கட்டுமானத்துக்கு எடுத்துச் செல்லப்பட்டன என்பர். எஞ்சியிருப்பவற்றுள் தலையாயது, மூன்று அடுக்காகக் குறுகி உயரும் ஒரு கட்டடமும் அதன் உச்சியில் நிற்கும் ஒற்றைக்கல் தூணுமாகும். ஏறத்தாழ 13 மீட்டர் நீளமுடைய இத்தூண் மணற்கல்லால் ஆனது. மௌரியர் காலத்து மெருகு இன்றும் அதில் மங்கவில்லை.

இத்தூண், இன்றைய அரியானா மாநிலத்தின் தோப்ரா என்னும் சிற்றூரில் நின்றது. அது பெயர்க்கப்பட்ட வரலாற்றைத் தம் 'தாரீக்-இ-பிரோஸ்ஷாஹி'யில் விரித்துரைப்பவர் ஷம்ஸ் சிராஜ் அஃபீஃப். அந்நிகழ்ச்சியின்போது தமக்குப் பன்னிரண்டு வயது என்று அவரே குறித்துள்ளார். இடைக்கால நூல்களுள் ஒரு கட்டுமானப் பணியை இவ்வளவு நுணுக்கமாக விவரிக்கும் பகுதிகள் அரியன. தூணைச் சுற்றிப் பெருமளவில் இலவம்பஞ்சு பரப்பப்பட்டது. அடிமண் அகழப்பட்டதும் தூண் அப்பஞ்சின்மீது மெல்லச் சாய்ந்தது. பின்னர்ப் பஞ்சு சிறிது சிறிதாக நீக்கப்பட, தூண் தரையில் கிடந்தது. அடியில் ஒரு சதுரப் பீடக்கல் இருந்ததையும் அகழ்ந்தெடுத்தனர். நாணலும் பதப்படுத்தாத தோலும் கொண்டு அடிமுதல் நுனிவரை தூண் பொதியப்பட்டது. 42 சக்கரங்கள் கொண்ட வண்டி ஒன்று செய்யப்பட்டு, சக்கரம் ஒவ்வொன்றிலும் கட்டிய வடத்தை 200 பேர் இழுத்தனர் என்கிறார் அஃபீஃப். அக்கணக்கின்படி 8,400 பேர். யமுனைக் கரையை அடைந்ததும், ஆயிரக்கணக்கான மணங்குத் தானியம் ஏற்றவல்ல பெரும்படகுகளில் அது தில்லிக்குக் கொணரப்பட்டது. கட்டடம் ஒவ்வொரு படியாக உயர உயரத் தூணும் உயர்த்தப்பட்டு இறுதியில் உச்சியில் நிறுத்தப்பட்டது. 1370-இல் எழுந்த 'சீரத்-இ-பிரோஸ்ஷாஹி' என்னும் நூல் இப்பணியைப் படங்களோடும் விளக்குகிறது. ஒரு கல்லை நகர்த்தியதை இரண்டு நூல்கள் பதிவு செய்தன என்பதே அன்றைய அரசவை இதனை எத்துணைப் பெரிதாகக் கருதியது என்பதைக் காட்டும்.

இவ்வளவு உழைப்போடு கொணரப்பட்ட தூணில் எழுதப்பட்டிருந்தது என்ன என்பது கொணர்ந்தவர் எவருக்கும் தெரியாது. சுல்தான் அந்தணர் பலரை வரவழைத்து அதனைப் படிக்கச் சொன்னார். எவராலும் இயலவில்லை. பிற்காலத்தில் பிரோஸ் என்னும் பெயருடைய சுல்தான் ஒருவர் தோன்றும்வரை இத்தூணை எவராலும் பெயர்க்க இயலாது என்பதே இதன் பொருள் எனச் சிலர் கூறியதாக அஃபீஃப் எழுதுகிறார். படிக்கத் தெரியாத எழுத்துக்கு அரசன் விரும்பும் பொருளை உரைப்பது எக்காலத்தும் நிகழ்வதே. அச்சத்தால் சொன்னதா, பரிசிலுக்காகச் சொன்னதா என்பது இங்கு முதன்மையன்று. பிராமி எழுத்தின் அறிவு வடஇந்தியாவின் கற்றோரிடத்தும் முற்றாக மறைந்துவிட்டமைக்கு இது ஒரு நேரிய சான்றாகும்.

எனினும் அத்தூண் முழுவதும் படிக்க இயலாததாக இருந்திருக்கக் கூடுமா என்னும் வினா எழுகிறது. அசோகரின் எழுத்தோடு, சாகம்பரிச் சௌகான் மன்னர் நான்காம் விக்கிரகராசரின் (வீசலதேவர்) வடமொழிக் கல்வெட்டுகளும் அதில் உள்ளன. அவை விக்கிரம ஆண்டு 1220, அதாவது கி.பி. 1163–64-ஐச் சார்ந்தவை. பிரோஸ் ஷாவின் காலத்துக்கு இருநூறு ஆண்டுகள் மட்டுமே முற்பட்ட இவ்வெழுத்து, அன்றைய பண்டிதர்க்கு எட்டாததன்று. ஆகவே தூணின் ஒரு பகுதியேனும் அவர்களுக்குப் புரிந்திருக்க வேண்டும் என்றே கொள்ளத் தோன்றுகிறது. வென்று பெற்ற நிலப்பரப்பைப் புகழும் ஒரு சௌகான் மன்னரின் சொற்களைச் சுல்தானின் முன்னிலையில் படித்துக் காட்டாமை அறிவுடைமையாகவும் இருந்திருக்கலாம்.

பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவுக்கு வந்த ஆங்கிலப் பயணி தாமஸ் கோரியட், இத்தகைய தூணொன்றைத் தில்லியில் கண்டு, போரஸை வென்றதன் நினைவாக அலெக்சாந்தர் நாட்டியது என்று எழுதினார். சுல்தானுக்குத் தம் பெயர் தெரிந்தது. ஐரோப்பியருக்குத் தம் வீரன் தெரிந்தான். 1837-இல் ஜேம்ஸ் பிரின்செப், சாஞ்சியின் சிறு கொடைக் கல்வெட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் ஈற்றெழுத்துகளைத் 'தானம்' எனக் கண்டு பிராமியின் திறவுகோலைப் பெற்றார். அதனைக் கொண்டு அவர் முழுமையாகப் படித்தளித்தது இத்தில்லித் தூணின் வாசகமே. அதில் வரும் 'தேவானாம்பிரியப் பியதசி' அசோகரே என்பதை இலங்கைப் பாலி நூலான தீபவம்சத்தின் துணைகொண்டு உறுதி செய்தவர், அத்தீவில் அரசுப் பணியிலிருந்த ஜார்ஜ் டர்னர். தமிழ்நாட்டுக் குகைகளின் பிராமி எழுத்துகள் தமிழ்மொழியினவே என 1924-இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் நிறுவியதும், ஐராவதம் மகாதேவன் அவற்றை முழுமையாகத் தொகுத்து ஆராய்ந்ததும் இவ்வாசிப்பின் வழிவந்தவையே. அவ்வகையில் கோட்லாவின் தூண் தமிழ்க் கல்வெட்டியலுக்கும் உறவுடையது. ஆனால் இங்கு ஒரு பிழையை விலக்க வேண்டும். சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் ஆகியோரைக் குறிப்பன அசோகரின் பெரும்பாறைச் சாசனங்களே. தூண் சாசனங்களில் அப்பெயர்கள் இல்லை. கோட்லாவில் நின்று சோழர் பெயரைத் தேடும் தமிழ் மாணவர்கள் இன்றும் உளர்.

இத்தூணுக்கே உரிய சிறப்பு ஏழாம் தூண் சாசனம். அசோகரின் தூண்களுள் வேறெதிலும் இது காணப்படவில்லை. பட்டமேறி இருபத்தேழு ஆண்டுகள் கழிந்தபின் எழுதப்பட்ட இதில், சாலையோரங்களில் ஆலமரம் நட்டது, மாந்தோப்புகள் வைத்தது, கிணறுகள் தோண்டியது, தங்குமிடங்கள் அமைத்தது முதலிய பணிகளை அசோகர் தொகுத்துரைக்கிறார். இறுதியில், கல்தூண்களோ கற்பலகைகளோ எங்கிருப்பினும் அங்கெல்லாம் இதனைப் பொறிக்க வேண்டும், இது நெடுங்காலம் நிலைக்க வேண்டும் என ஆணையிடுகிறார். ஆணை பல கற்களில் நிறைவேறியதற்குச் சான்றில்லை. எஞ்சிய ஒரு படியும் தான் நாட்டப்பட்ட இடத்தில் இல்லை. கேட்பாரற்றுக் கிடந்து உடைந்த தூண்கள் வேறு சில உண்டு. இது அவ்வாறு அழியாமைக்கு அதனைப் புரிந்துகொள்ளாத ஒரு சுல்தானின் வியப்பும் ஒரு காரணம் எனலாம்.

வியாழக்கிழமைகளில் கோட்லாவுக்குச் செல்வோர் வேறொரு காட்சியைக் காண்பர். இடிபாடுகளின் நிலவறைகளில் உறைவதாக நம்பப்பெறும் ஜின்களுக்கு மக்கள் விண்ணப்பக் கடிதங்கள் எழுதி வைக்கின்றனர். நோய், வழக்கு, வேலை, திருமணம் என வேண்டுதல்கள் பலவகை. ஒரே கடிதத்தை நகலெடுத்து வெவ்வேறு அறைகளிலும் மாடங்களிலும் வைப்பதும் உண்டு. அகல்விளக்கின் கரி படிந்த சுவர்களைத் தொல்லியல் நோக்கில் குறைகூறுவோர் உளர், அக்கவலையும் நியாயமானதே. ஆயினும் இந்நகரின் எத்தனையோ சின்னங்கள் புல்வெளி நடுவே வெறுங்காட்சிப் பொருளாக நிற்கையில், மக்கள் தங்கள் குறையை எழுதிக் கொணரும் இடமாக இது ஒன்றேனும் இருப்பதைப் பதிவு செய்யாமல் கடப்பது முறையன்று.

மீரத்துத் தூண்

பிரோஸ் ஷா கொணர்ந்த மற்றொரு தூண் மீரத்துப் பகுதியினது. வடதில்லியின் குன்றுத்தொடரில், தம் வேட்டை மாளிகையில் அதனை நிறுத்தினார். பரூக்சியரின் ஆட்சிக்காலத்தில் (1713–1719) நிகழ்ந்த வெடிவிபத்தில் அது ஐந்து துண்டுகளாயிற்று. எழுத்துப் பொறிப்புடைய பகுதி பின்னர்க் கல்கத்தாவின் ஆசியக் கழகத்துக்கு அனுப்பப்பட்டு மீண்டும் தில்லிக்குக் கொணரப்பட்டது. 1867-இல் துண்டுகள் ஒன்றிணைக்கப்பட்டு இன்றைய இடத்தில் நிறுத்தப்பட்டன. 1857-இல் கடும்போர் நடந்த அக்குன்றில் போர் நினைவுச்சின்னத்தைக் காண வருவோருட் சிலரே இத்தூணின் பக்கம் திரும்புகின்றனர்.

இரும்புத்தூணும் இருபத்தேழு கோயில்களும்

1993-இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பெற்ற குதுப்மினார் வளாகத்தில் இடப்பெயர்ச்சி மேலும் சிக்கலானது. குவ்வத்துல் இஸ்லாம் மசூதியின் முற்றத்தில் நிற்கும் இரும்புத்தூண் 7.2 மீட்டர் நீளமும் ஆறு டன்னுக்கு மேற்பட்ட எடையும் உடையது. குப்தர்கால பிராமியில், ஆறு வரிகளில் அமைந்த அதன் வடமொழிப் பாடல்கள் சந்திரன் என்னும் மன்னனைப் போற்றுகின்றன. அவன் இரண்டாம் சந்திரகுப்தனே என்பது பெரும்பாலோர் கருத்து. திருமாலின் கொடிமரமாக, விஷ்ணுபதம் என்னும் மலையில் இது நாட்டப்பட்டதாக அப்பாடல்களே கூறுகின்றன. மெஹ்ரௌலியில் அத்தகைய மலை இல்லை. எனவே தூண் வெளியிலிருந்து வந்தது தெளிவு. அவ்விடம் மத்தியப் பிரதேசத்து உதயகிரி என்பர் பலர். கொணர்ந்தவர் தோமர் மன்னர் அனங்கபாலர் என்பது வழிவழிச் செய்தி. சுல்தான் இல்துத்மிஷ் என்பது பிற்கால ஆய்வாளர் சிலரின் முடிபு. அனங்கபாலரின் பெயரோடு பதினோராம் நூற்றாண்டின் நடுப்பகுதியைக் குறிக்கும் ஒரு சிறு பொறிப்பு தூணில் உள்ளதாயினும், அதன் வாசிப்பில் கருத்து வேறுபாடுகள் உள்ளன.

தூணைப் பற்றிய நாட்டார் கதை வேறு. நிலத்தைத் தாங்கும் நாகத்தின் தலையில் ஊன்றிய தூணை ஐயுற்ற மன்னன் பெயர்த்துப் பார்க்க, அது மீண்டும் ஊன்றாமல் 'டீலி'யாக, அதாவது தளர்வாக நின்றமையால் நகருக்கு அப்பெயர் வந்தது என்பது கதை. சொற்பிறப்பியலாக இதனை ஏற்க இயலாது. ஆயினும் இந்நகரின் பெயர்க்கதையே ஒரு தூணின் பெயர்ச்சியைப் பற்றியதாக இருப்பது எண்ணத்தக்கது. பதினாறு நூற்றாண்டுகள் கடந்தும் தூண் அரிக்கப்படாமைக்கு இரும்பில் மிகுந்துள்ள பாஸ்பரசும் அதனால் உருவாகும் காப்புப் படலமுமே காரணம் எனக் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம் (1961–2009) விளக்கியுள்ளார்.

தூணைச் சூழ்ந்த மண்டபங்களின் கற்றூண்கள் கோயில்களிலிருந்து எடுக்கப்பட்டவை. இது ஊகமன்று. மசூதியின் கிழக்கு வாயிலில் உள்ள பாரசீகக் கல்வெட்டே இருபத்தேழு கோயில்களின் பொருள்கள் பயன்படுத்தப்பட்டன எனவும், ஒவ்வொன்றுக்கும் இருபது லட்சம் தேலிவால் காசு செலவாகியிருந்தது எனவும் அறிவிக்கிறது. வேண்டிய உயரம் பெற ஒரு தூணின்மேல் மற்றொரு தூணை அடுக்கியிருப்பதைக் கண்ணால் காணலாம். உருவங்கள் அன்று சுதையால் மூடப்பட்டன. சுதை உதிர்ந்த இடங்களில் அவை மீண்டும் வெளிப்பட்டுள்ளன. இவ்வாயிலின் முன் இருவகைத் தவறான வாசிப்புகள் நிகழ்கின்றன. இடித்ததை மறைத்து இதனைக் கலைகளின் இனிய கலப்பு என்று மட்டும் உரைப்பது ஒன்று. இவ்வொரு செயலைக் கொண்டு பின்வந்த ஐந்நூறு ஆண்டு வரலாறு முழுவதையும் அளந்துவிடுவது மற்றொன்று. கல்வெட்டு முன்னதற்கு இடம் தரவில்லை. பின்னதற்கு இதே வளாகத்தின் மினார் இடம் தரவில்லை. 1368-இல் இடி தாக்கிய மினாரைப் பிரோஸ் ஷா பழுதுபார்த்தபோது, பணிசெய்த கைவினைஞர்கள் விசுவகர்மாவின் அருளைப் போற்றி நாகரி எழுத்தில் தங்கள் குறிப்பை அங்கேயே பொறித்துள்ளனர். பாலம் என்னும் ஊரில் படிக்கிணறு அமைத்த செல்வரொருவர் 1276-இல் வடமொழியில் வெட்டுவித்த கல்வெட்டு, தோமர், சௌகான் மரபுகளை அடுத்துத் தில்லி சுல்தான்களையும் வரிசைப்படுத்திப் பால்பனை வாழ்த்துகிறது.

வெற்றிக்குச் சான்றாகக் கல்லைப் பெயர்த்துச் செல்லுதல் ஒரு சமயத்தார்க்கோ ஒரு பகுதியினர்க்கோ மட்டும் உரியதன்று. மேலைச் சாளுக்கியரின் கல்யாணபுரத்தை எரித்து முதலாம் இராசாதிராசன் கொணர்ந்த துவாரபாலகர் சிற்பத்தில் அச்செய்தியே தமிழில் பொறிக்கப்பட்டுள்ளது. அச்சிற்பம் கிடைத்தது தாராசுரத்தில். அக்கோயிலோ அம்மன்னனுக்கு ஒரு நூற்றாண்டு பிற்பட்டது. இன்று அது தஞ்சைக் கலைக்கூடத்தில் உள்ளது. தாராசுரத்துக்கு எவரால், ஏன் அது கொண்டு செல்லப்பட்டது என்பதைப் பொறிப்பு சொல்லாது. முதற்பெயர்ச்சியை மட்டுமே சொல்லும். தில்லியின் தூண்களுக்கு நாம் கேட்கும் வினாக்களை நம் சிற்பங்களுக்கும் கேட்டல் வேண்டும்.

குதுப்மினாரின் உச்சியும் இடம்பெயர்ந்ததே. 1803-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் சிதைந்த மேற்பகுதியைச் சீரமைத்த ராபர்ட் ஸ்மித் என்னும் பொறியாளர், 1828-இல் வங்காளப் பாணியில் ஒரு விமானத்தை உச்சியில் ஏற்றினார். மினாரின் இயல்புக்கு அது பொருந்தவில்லை எனக் கண்ட ஹார்டிஞ்சு பிரபு 1848-இல் அதனை இறக்கச் செய்தார். இன்று அது வளாகத்தின் புல்வெளியில், தன் பழைய இருப்பிடத்தை அண்ணாந்து நோக்கியபடி நிற்கிறது.

கூடையில் தொங்கிய ஆய்வாளர்

தில்லிச் சின்னங்களை முறையாக ஆராய்ந்து உருதுமொழியில் முதலில் நூல் செய்தவர் சையது அகமது கான். அவருடைய 'ஆசாருஸ் சனாதீத்' 1847-இல் வெளிவந்தது. மினாரின் உயர்ந்த பகுதிக் கல்வெட்டுகளைப் படியெடுக்க, இரு கழிகளுக்கிடையே கட்டிய கூடையில் அமர்ந்து அவர் தொங்கினார் என்றும், கீழே நின்ற நண்பர் இமாம் பக்ஷ் ஸஹ்பாயீயின் முகம் அச்சத்தால் வெளிறியது என்றும் அவர் வரலாற்றை எழுதிய ஹாலி குறித்துள்ளார். நூல் வெளிவந்த பத்தாண்டுகளில் 1857 வந்தது. ஸஹ்பாயீ அவ்வாண்டு ஆங்கிலப் படையினரால் கொல்லப்பட்டார். செங்கோட்டையின் உட்கட்டடங்களில் பெரும்பகுதி இடிக்கப்பட்டது. அக்பராபாதி மசூதியும் தரைமட்டமாயிற்று. தூண்கள் பெயர்ந்து சென்றாலும் எங்கோ நிற்கின்றன. இவை அவ்வாறும் எஞ்சவில்லை. இவற்றுட் பலவற்றுக்கு இன்று அந்நூலின் ஏடுகளே இருப்பிடம். தில்லியைக் காண வரும் ஆய்வாளர் கையில் அந்நூலின் மொழிபெயர்ப்பேனும் இருத்தல் நலம். தமிழில் அது முழுமையாகப் பெயர்க்கப்பட வேண்டிய நூல்.

புதுநகரும் இவ்வழக்கத்துக்கு விலக்கன்று. 1911 டிசம்பர் 15-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் வடக்கே முடிசூட்டு விழாத் திடலருகே புதுத்தலைநகருக்கு நாட்டிய அடிக்கற்கள், நகரின் இடம் தெற்கே ரைசினாக் குன்றுக்கு மாறியபோது அங்குப் பெயர்த்துச் செல்லப்பட்டன. இந்தியா கேட் அருகே விதானத்தின்கீழ் நின்ற அம்மன்னரின் சிலை 1968-இல் அகற்றப்பட்டுப் பின்னர் அதே முடிசூட்டுத் திடலை அடைந்தது. வெற்றிடமாக இருந்த அவ்விதானத்தில் 2022-இல் நேதாஜியின் சிலை நிறுவப்பட்டது.

பெயராத பாறை

1966-இல் தென்தில்லியின் பஹாபூர்ப் பகுதியில், கட்டுமான ஒப்பந்தக்காரர் ஒருவரின் பணியின்போது ஆரவல்லிப் பாறையொன்றில் பிராமி எழுத்துகள் வெளிப்பட்டன. அவை அசோகரின் சிறுபாறைச் சாசனத்தின் ஒரு படி என அறியப்பட்டது. பத்து வரிகளில் அமைந்த அதில் சில இடங்கள் சிதைந்துள்ளன. தாம் உபாசகராகி இரண்டரை ஆண்டுகளுக்கு மேலாயின என்றும், முதலில் ஊக்கம் குறைந்திருந்து பின்னர் மிக முயன்றதாகவும் அசோகர் கூறுகிறார். அம்முயற்சியின் பயன் பெரியோர்க்கு மட்டுமன்று, சிறியோர்க்கும் கிட்டும் என்பது அதன் உட்பொருள்.

இப்பாறையை எவரும் கொணரவில்லை, கொணரவும் இயலாது. ஆகவே அசோகர் காலத்தில் இவ்வழியே மக்கள் சென்று வந்தனர், அருகில் குடியிருப்பு இருந்தது என்று கூற இதனைச் சான்றாகக் கொள்ளலாம். புரானா கிலா அகழாய்வில் கிடைத்த மௌரியர் கால அடுக்கும் கருநிற மெருகுப் பாண்டங்களும் இதற்கு அரண் செய்கின்றன. கோட்லாவின் நெடுந்தூண் தர இயலாத செய்தியை, ஆள் உயரம்கூட இல்லாத இவ்வெழுத்துப் பரப்பு தருகிறது.

அருகிலுள்ள கால்காஜி கோயிலுக்கும் 1986-இல் திறக்கப்பெற்ற தாமரைக் கோயிலுக்கும் நாள்தோறும் பெருந்திரளாக மக்கள் வருகின்றனர். குடியிருப்புகளுக்கிடையே, பூங்காவொன்றில், கூரையும் கம்பிவேலியும் இட்டுக் காக்கப்பெறும் இப்பாறைக்கு வருவோர் மிகச் சிலர். சாய்வான அதன் பரப்பில் எழுத்துகள் மழுங்கியுள்ளன. நண்பகலில் அவை கண்ணுக்குப் புலப்படுவது அரிது. காலையில் அல்லது மாலையில், வெயில் சாய்வாக விழும்பொழுது சென்றால் சில எழுத்துகளைப் படிக்கலாம்.